டர்போ சுப்ரா: டைனோவில் எரிபொருள் அழுத்தம் விழுகிறது, உதவுங்கள்

டிராக் ரேஸுக்காக ஒரு டொயோட்டா சுப்ரா கட்டிக்கொண்டிருக்கிறோம். 2ஜேஇசட் இன்ஜின், கம்பெனி கொடுத்த இரட்டை டர்போவை எடுத்துவிட்டுப் பெரிய ஒற்றை டர்போ, ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த) எரிபொருள். 18 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) வரை டைனோவில், அதாவது பவர் அளக்கும் மெஷினில், அருமையாக இழுக்கிறது. 25-க்கு ஏற்றினால் 6,000 ஆர்பிஎம் தாண்டியதும் தடுமாறுகிறது. ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டராகக் குறைத்தும் அதேதான்.

அப்புறம் லாகை (ஓட்டும்போது பதிவான அளவீடுகளை) பார்த்தால், எரிபொருள் அழுத்தம் பூஸ்ட் இல்லாதபோது 43 பிஎஸ்ஐ வைத்திருக்கிறோம், ரெகுலேட்டர் பூஸ்டுக்கு ஈடாக ஏற்றும் வகை என்பதால் அந்த இடத்தில் 68 இருக்க வேண்டும், ஆனால் 60-க்கு இறங்குகிறது, கூடவே லாம்டா (காற்று-எரிபொருள் விகிதம், எண் ஏறினால் எரிபொருள் குறைகிறது என்று அர்த்தம்) 0.78-லிருந்து 0.87-க்குப் போகிறது. அந்த பூஸ்டில் இது ஆபத்து, பிஸ்டனே உருகிவிடும், அதனால் நிறுத்திவிட்டோம்.

ஈ85-க்குப் பெட்ரோலைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் எரிபொருள் பம்ப் வாங்கினோம். ஆனால் அதற்குப் போகும் வயர் பழையது, மெல்லியது. முழு லோடில் பம்ப் முனையிலேயே வோல்டேஜ் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா, உங்களுக்கு எவ்வளவு விழுந்தது? முதலில் தடித்த வயரும் தனி ரிலேவும் போடுவதா, நேராக இரண்டாவது பம்பா? ஃபில்டர் அடைப்பாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம். லாக் முழுவதையும் அனுப்பத் தயார், இதே அமைப்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.