பில் போடும் சாஃப்ட்வேரில் யார்டு பாதுகாப்பையும் சேர்க்கலாமா?

யார்டுக்காரன்:
திண்டுக்கல் ரோட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் யார்டு. கம்பி, சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, ஒரு மூலையில் கிரானைட். நிரந்தர ஆட்கள் 14 பேர், லோடுமேன்கள் தனி. போன மாதம் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்த அட்டி ஒன்று சரிந்து ஒரு தம்பிக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, எங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் வந்து ‘பாதுகாப்பு மாட்யூல்’ என்று ஒன்றைக் காட்டினார். செக்லிஸ்ட், ஹெல்மெட் கணக்கு, பயிற்சிப் பதிவு, கலர் கலராக சார்ட். வருடத்துக்கு 60 ஆயிரம். வாங்கலாமா?

பழைய சூப்பர்வைசர்:
வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஷூவும் கையுறையும் வாங்குங்கள். 22 வருடம் யார்டில் நின்றவன் சொல்கிறேன். நான் கடைசியாக இருந்த இடத்தில் டேப்லெட் கொடுத்து, தினமும் காலையில் ஹைட்ரா கிரேனின் கொக்கி, பெல்ட், பிரேக் எல்லாம் பார்த்து டிக் அடிக்கச் சொன்னார்கள். மாதக் கடைசியில் கிளார்க் உட்கார்ந்து ஒன்றாம் தேதியிலிருந்து முப்பது வரை ஒரே மூச்சில் அடித்துவிடுவான். சார்ட் பச்சைப்பசேல் என்று இருக்கும். பெல்ட் நைந்துபோய்த் தொங்கும்.

அது கிடக்கட்டும், சரிந்த அட்டி எத்தனை மூட்டை உயரம்?

யார்டுக்காரன்:
14. மழை வருகிறது என்று வெளியே நின்ற லோடையும் உள்ளே இறக்கச் சொன்னது நான்தான்.

கோடு எழுதுபவன்:
சூப்பர்வைசர் ஐயா, நான் சாஃப்ட்வேருக்குக் கோடு எழுதுபவன், அந்த டிக் கதையை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மாட்யூல் வேண்டாம் என்பதிலும் உங்கள் பக்கம்தான். ஆனால் சாஃப்ட்வேரே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிக் அடிக்காவிட்டாலும் அங்கே எந்த வேலையும் நிற்கவில்லை, அதனால்தான் அது தோற்றது. யார்டில் எது இல்லாமல் வண்டி நகராது? எடைமேடைச் சீட்டு, பில், கேட் பாஸ். கை வைக்க வேண்டியது அங்கே.

அட்டியையே எடுத்துக்கொள்வோம். கட்டுமானப் பொருள்களை அடுக்கி வைப்பதற்கு ஐஎஸ் 4082 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. சிமெண்ட் 10 மூட்டைக்கு மேல் உயரக் கூடாது. 8-ஐத் தாண்டினாலே ஒரு வரிசை நெடுக்கில், அடுத்தது குறுக்கில் போட்டுப் பிணைக்க வேண்டும். அந்த 10 மூட்டை வரம்பு, அடியில் இருக்கும் மூட்டை இறுகிக் கட்டி தட்டாமல் இருப்பதற்காக வந்தது. சரக்கைக் காக்க எழுதியது ஆளையும் காக்கும். உங்கள் குடோன் தரையில் ஒரு வரிசைக்கு 60 மூட்டை பிடிக்கும் என்றால் கொள்ளளவு 600. குடோன்வாரி இருப்பு டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேருக்கே தெரியும். 601-வது மூட்டைக்கு வரவு போடும்போது உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும்படி செய்வது சின்ன வேலை.

கம்பியும் அப்படித்தான். 40 அடி கம்பியை மடித்தாலும் 20 அடி. குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியின் தொட்டி 7 அடி. பாடிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். பில்லில் கம்பி, வண்டி குட்டி யானை என்றால் கேட் பாஸ் அச்சாகவே கூடாது.

பழைய சூப்பர்வைசர்:
தம்பி, அச்சாகாவிட்டால் கேஷியர் என்ன செய்வார் தெரியுமா? வண்டி வகையில் ‘மற்றவை’ என்று போடுவார். கஸ்டமர் கத்துகிறார், சைட்டில் கம்பி கட்டுகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவரும்தான் என்ன செய்வார்?

கோடு எழுதுபவன்:
‘மற்றவை’யை எடுத்துவிடலாம்.

பழைய சூப்பர்வைசர்:
எடுத்தால் எல்லாம் லாரி ஆகிவிடும்.

கோடு எழுதுபவன்:
ஆகட்டும். வெற்று வண்டி எடை எடைமேடையில் பதிவாகிறதே. ஒரு டன்கூட இல்லாத லாரி எந்த ஊரில் ஓடுகிறது?

பழைய சூப்பர்வைசர்:
சரி, இதற்குச் சிரித்துவிட்டேன். ஆனாலும் என் பேச்சு மாறவில்லை. கேஷியரைப் பிடிக்க ஒரு பொறி, பொறியைத் தாண்ட அவர் ஒரு வழி. முதலாளி ஒருநாள் யார்டில் நின்று ‘கம்பியை இந்த வண்டியில் ஏற்றாதே, வியாபாரம் போனால் போகட்டும்’ என்று சொன்னால் அந்த ஒரு வார்த்தை போதும்.

கிரானைட் கடை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். 18 மிமீ கிரானைட் சதுர அடிக்குச் சுமார் நாலரை கிலோ. 9-க்கு 6 ஸ்லாப் என்றால் 240 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் ஸ்டாண்டோடு சாயும். எங்களுக்குப் பயம் கஸ்டமரை நினைத்துத்தான். குடும்பத்தோடு வந்து, பின்னால் இருக்கும் டிசைனைப் பார்க்க முன் ஸ்லாப்பைக் கையால் சாய்ப்பார்கள். ஒவ்வொரு ஸ்லாப்பையும் படம் எடுத்து இருப்பில் ஏற்றி, ஆபீஸ் டிவியில் காட்ட ஆரம்பித்தோம். வியாபாரத்துக்காகச் செய்ததுதான். இப்போது இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஸ்டாண்டு பக்கம் வருகிறார்கள், அதுவும் எங்கள் ஆளோடு.

லோடுமேன் மகன்:
இவ்வளவு பேசியும் கூலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அப்பா 30 வருடம் மூட்டை தூக்கியவர். மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நெடுக்கும் குறுக்குமாக நிதானமாக அடுக்கினால் அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், அந்த அரை மணிக்குக் காசு கிடையாது. 14 உயரம் போனதற்கு மழை மட்டும்தான் காரணமா? ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று 1967-லேயே ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கணக்குக்குச் சரி. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று யார் எண்ணுகிறார்கள்?

யார்டுக்காரரே, கால் முறிந்த அந்தத் தம்பியின் பெயர் உங்கள் சாஃப்ட்வேரில் இருக்கிறதா?

யார்டுக்காரன்:
இல்லை. அவர் அந்த 14 பேரில் வரமாட்டார், மேஸ்திரி அனுப்பிய ஆள். ஆஸ்பத்திரிச் செலவு நான்தான் பார்த்தேன்.

கோடு எழுதுபவன்:
மேஸ்திரி அனுப்பிய ஆள் என்றாலும் பொறுப்பு உங்களுடையதுதான். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கும் முதன்மை முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்பது 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்தது, புதிய சட்டத் தொகுப்பிலும் அது போகவில்லை. 10 பேர் வேலை செய்தாலே இங்கே கடைகளுக்கும் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, அதற்கு விபத்துப் புத்தகம் வைக்க வேண்டும். மகன் கேட்டதுதான் என் பட்டியலிலும் முதலில் வந்திருக்க வேண்டும், என் தப்பு. சரக்கோடு போகும் சலானில் வண்டி நம்பருக்குக் கீழே ஏற்றியவர்கள் பெயர் போடுங்கள். யார் எத்தனை மூட்டை தூக்கினார், எத்தனை மணிக்கு ஆரம்பித்தார் என்பது தானாக வந்துவிடும்.

பழைய சூப்பர்வைசர்:
இதை ஏற்கிறேன். கூடவே ‘அட்டி கூலி’ என்று தனியாக ஒரு வரி சேருங்கள். ஒழுங்காக அடுக்கியதற்குத் தனிக் காசு. அதைச் செய்தால் போனுக்கு வரும் அந்த எச்சரிக்கைச் செய்திக்கு வேலையே இருக்காது.

யார்டுக்காரன்:
நேற்று ராத்திரி போன மாத கேட் பாஸ்களை நேரவாரியாக எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலை 7-லிருந்து 9-க்குள். அட்டி சரிந்தது 8:10-க்கு. இத்தனை நாள் இது என் கம்ப்யூட்டரிலேயே கிடந்திருக்கிறது. மாட்யூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடோன் வரம்பு, வண்டி வகை, சலானில் பெயர், இந்த மூன்றுக்கு மட்டும் விலை கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியோடு அட்டி கூலி பேசப் போகிறேன்.

லோடுமேன் மகன்:
அந்தத் தம்பிக்கு மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள்? அதுவரை கூலி?

யார்டுக்காரன்:
இன்னும் மூன்று வாரம். பாதிக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய சூப்பர்வைசர்:
முழுசாகக் கொடுங்கள். 60 ஆயிரம் மிச்சம் ஆகியிருக்கிறதே.