பொரிந்த 3 நாளுக்குள் கெண்டைக் குஞ்சு பாதி சாகிறது: வட்டத் தொட்டியில் என்ன கோளாறு?

குளத்தடி: ரோகு, கட்லா பொரிப்பகம். ஊசி போட்டு முட்டை எடுப்பதில் தொல்லையில்லை. 90 சதவீதம் கருக்கட்டுகிறது, 16 மணி நேரத்தில் பொரிந்தும் விடுகிறது. சாவு அதற்குப் பிறகுதான். தண்ணீர் வெளியேறும் நடு வலையோரம் குஞ்சுகள் வெள்ளையாக ஒட்டிக் கிடக்கின்றன. சில வயிறு மேலாக மிதக்கின்றன. தொட்டி 3 மீட்டர் விட்டம், ஆழ்குழாய்த் தண்ணீர் நேராக விழுகிறது. கூடவே ஒன்று: மிஞ்சும் குஞ்சை ஆற்றில் விடலாமா?

நீரோட்டம்: இரண்டு கோளாறு தெரிகிறது.

வலையோரச் சாவுக்குக் காரணம் வேகம். முட்டையாக இருக்கும்போது விநாடிக்கு 0.4–0.5 மீட்டர் ஓட்டம் வேண்டும். பொரியத் தொடங்கியதும் 0.1–0.2க்கு இறக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் நீந்தத் தெரியாத குஞ்சு வலையில் அறைபடும். முட்டைத் தோல் கரைந்து வெளியேறியதும் மறுபடி 0.3–0.4. இந்தக் கடைசி ஏற்றத்தை மறந்தால் குஞ்சு அடியில் குவிந்து மூச்சுமுட்டிச் சாகும். அளக்கக் கருவி எதற்கு? ஓரமாக ஒரு இலையை மிதக்க விடுங்கள். உங்கள் தொட்டியில் ஒரு சுற்றுக்கு 19–24 விநாடி என்றால் முட்டைக்குச் சரி. பொரியும் நேரத்தில் 47–94 விநாடி ஆக வேண்டும்.

தோல் வலையை அடைத்தால் திறந்திருக்கும் வலைக்கண்களில் இழுவை கூடும். பொரியும் நேரம் முழுக்க மென்தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். கன மீட்டருக்கு 7–8 லட்சம் முட்டைக்கு மேல் போடாதீர்கள்.

மிதப்பவை வேறு கதை. ஆழ்குழாய் நீரில் நைட்ரஜன் மிகையாகக் கரைந்திருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருக்கும். கைலென்ஸில் பாருங்கள், மஞ்சள்கருப் பைக்குள்ளோ பக்கத்திலோ குமிழி தெரியும். மேல்தொட்டிக்கு ஏற்றி, துளைத்தட்டு வழியே மழைபோல் விழவைத்து அனுப்புங்கள்.

விரலி: ஆற்றுக் கேள்விக்கு: வேண்டாம். ரோகுவும் கட்லாவும் ஒரே முட்டையிடு தொட்டியில் விட்டிருந்தால் கலப்பினம் இருக்க வாய்ப்பு அதிகம், அது மலடும் அல்ல. குளத்தில் வளர்த்து விற்கும்வரை பெரிதாகத் தெரியாது; ஆற்றில் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. 3 நாள் குஞ்சை ஆற்றில் கொட்டுவது இரை போடுவதுதான். விரல் நீளமாவது வளரட்டும்.

குளத்தடி: தனித்தனியாக முட்டையிட வைத்தால்?

விரலி: அப்போதும் தாய் மீன் (முட்டைக்கும் விந்துக்கும் வைத்திருக்கும் பெண், ஆண் மீன்கள்) கணக்கு இடிக்கும். ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுங்கள். 20 பெண்ணுக்கு 2 ஆண் என்றால் 160-ஐ 22-ஆல் வகுக்க, பயனுறு எண்ணிக்கை, அதாவது மரபு வேறுபாட்டைக் காப்பதில் உண்மையில் எத்தனை மீனுக்குச் சமம் என்பது, 7 சொச்சம். தலைமுறைக்கு உள்ளினக்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் கலப்பது) 7 சதவீதம் ஏறும். 20க்கு 20 என்றால் 40, ஏற்றம் 1.25 சதவீதம்தான். விந்தைப் பீய்ச்சிக் கலக்கும் இடங்களில் ஆணில் மிச்சம் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. பல ஆணின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்தாலும் வீரியமுள்ள ஒன்றிரண்டே பெரும்பங்கு எடுத்துவிடும். முட்டையைப் பிரித்து, தனித்தனி ஆணோடு சேருங்கள்.

தாய் மீன் அதே ஆற்றிலிருந்து வர வேண்டும், தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்ததாக இருக்கக்கூடாது. அமெரிக்காவின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ஒரு டிரவுட்) மீனில் 2007-ல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு வளர்ப்புத் தலைமுறைக்கும் ஆற்றில் இனம்பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் சரிவதைக் காட்டியது. விற்பனைக்கு ஒரு வரிசை, ஆற்றுக்கு ஒரு வரிசை என்று தாய் மீனைப் பிரித்து வையுங்கள்.