பள்ளிப் பட்டறை வட்ட ரம்பம் பலகையைத் திருப்பி எறிகிறது: பிளவுத் தகடு பொருத்த வழி வேண்டும்

திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் மரவேலை சொல்லித் தருகிறேன். எங்கள் டேபிள் சா, வேம்புப் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது பின்னோக்கி எறிகிறது. அறுத்த வாய் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்கிறது, பின்பற்கள் பலகையைத் தூக்கிவிடுகின்றன. நேராக வயிற்று உயரத்துக்கு வருகிறது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இப்படித்தான். குறுக்கு அறுப்பில் தொல்லை இல்லை.

மிஷின் பெயர்ப்பலகை இல்லாத உள்ளூர் வார்ப்பு. 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ், 10 அங்குல பிளேடு. பிளேடு நிலையானது, மேசைதான் ஏறி இறங்கும். பிளவுத் தகடு (பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த வாய் மூடாமல் தடுக்கும் தகடு) முதலிலிருந்தே கிடையாது.

24 பல் கார்பைடு பிளேடு புதிதாக மாட்டினேன். ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்தேன், சரியாக இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பலகையும் போட்டுப் பார்த்தாயிற்று. சில பலகைகள் உள்ளிறுக்கத்தால் மூடத்தான் செய்கின்றன. அதனால் தகடு இல்லாமல் பிள்ளைகளை மிஷின் பக்கமே விடுவதில்லை, கைரம்பம்தான்.

பிளேடு உடல் தடிமன் 2.2 மி.மீ., வெட்டும் வாயின் அகலம் 3.2 மி.மீ. ஆகவே 2.5 மி.மீ. எஃகுத் தகடு வெட்டி வைத்திருக்கிறேன். மேசையில் பொருத்தினால் ஏற்றி இறக்கும்போது பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி மாறிவிடும். அடிச்சட்டத்தில் பொருத்தலாமென்றால் போல்ட் துளை இல்லை, வார்ப்பிரும்பில் துளை போட்டால் விரிசல் விடுமோ என்று பயம்.

இந்த மாதிரி மிஷினில் தகடு பொருத்தியவர்கள், பிராக்கெட்டை எங்கே, எப்படிப் பிடித்தீர்கள்?