‘ரேஷியலைசேஷன்’: இனமயமாக்கமா, இனமேற்றலா?

உதகையிலிருந்து:

அன்புடையீர், வணக்கம்.

நாம் தொகுக்கும் சமூக மெய்யியல் கலைச்சொல் பட்டியலில், ஒரு கூட்டத்தாரைத் தனி ‘இனம்’ என்று ஆக்கிக் காணும் போக்கைக் குறிக்கும் ரேஷியலைசேஷனுக்கு ‘இனமயமாக்கம்’ முன்மொழியப்பட்டுள்ளது. எனக்கு உடன்பாடில்லை. தனியார்மயமாக்கத்தில் அரசின் சொத்து உண்மையாகவே தனியார் கைக்குப் போகிறது. இங்கே மக்கள் எவரும் உண்மையில் ‘இனம்’ ஆகிவிடுவதில்லை. மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்தொகைக்கு உள்ளேயே கிடக்கிறது என்று மரபியலாளர் லெவோன்டின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது, மக்களை இனங்களாக வகுக்க மரபணு இடம் தரவில்லை. இனம் என்பது ஒரு கூட்டத்தார்மேல் பிறர் ஏற்றிவைப்பது. ஆகவே ‘இனமேற்றல்’ என்கிறேன்.

நம் மலையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தோடர்களின் தாடியையும் மூக்கையும் பார்த்து 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் ரோமர் வழியினர் என்றார்கள், சிலர் இஸ்ரவேலின் காணாமற்போன குலம் என்றார்கள். தோடா மொழியோ தென்திராவிடக் கிளையைச் சேர்ந்தது. அடுத்து, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுக்கருவிகளோடு வந்து மலைமக்களை அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ‘மூக்குக் குறியெண்’. 70க்குக் கீழே குறுகிய மூக்கு, 85க்கு மேலே அகன்ற மூக்கு. 1901 குடிக்கணக்கை நடத்திய ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி, இந்த எண்ணைச் சாதிகளின் மேல்கீழ் வரிசையோடு பொருத்தினார். தவறு எங்கே? ஒரே குழுவுக்குள் அளவுகள் பரந்து கிடக்க, சராசரியை எடுத்து எல்லார் முகத்திலும் ஒட்டினார்கள். மூக்கின் வடிவம் தட்பவெப்பத்தோடும் தொடர்புடையது. அதைக் குலத்தின் தரமாக வாசித்தார்கள்.

கோத்தகிரியிலிருந்து:

கருத்து சரி, வடிவத்தில் சிக்கல் இருக்கிறது. ஏற்றல் என்பதற்குப் பெற்றுக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. ‘ஏற்பது இகழ்ச்சி’ நினைவிருக்கும். இனமேற்றலை ‘இனத்தை ஏற்றுக்கொள்ளல்’ என்று மாணவர் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘இனமேற்றம்’ இன்னும் மோசம், இனத்தின் உயர்வு என்று ஒலிக்கிறது. ‘இனஞ்சுமத்தல்’ என்று வைக்கலாமா?

கூடலூரிலிருந்து:

சுமத்தல் வேண்டாம். மெய்யியலாளர் சாலி ஹாஸ்லாங்கர் 2000இல் இதற்குத் தந்த வரையறைப்படி, உடலில் கண்ட அல்லது இருப்பதாகக் கற்பித்துக்கொண்ட ஒரு குறி வேண்டும். அது முன்னோர் வந்த நிலப்பகுதிக்குச் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். அதைக் கொண்டு அந்தக் கூட்டம் தாழ்த்தப்படவோ சலுகை பெறவோ வேண்டும். சலுகை பெற்ற வெள்ளையரும் இதில் அடக்கம். சுமத்தல் பாதியைத்தான் சொல்லும். ‘இனமேற்றுதல்’ என்று முழுதாக எழுதினால் கோத்தகிரி நண்பரின் ஐயமும் தீரும். அந்த வடிவத்துக்குப் பெறுதல் என்ற பொருள் வராது. செயப்பாட்டில் ‘இனமேற்றப்பட்டோர்’.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ‘இனவெறி’ பற்றியது. ரேசிசம் வருகிற இடமெல்லாம் அதையே போடுகிறோம். உள்ளத்தின் தீய எண்ணமே அதன் மூலம் என்று வாதிட்ட மெய்யியலாளர் ஹோர்ஹே கார்சியாவுக்கு அது பொருந்தும். இன்னொரு மெய்யியலாளர் அந்தோணி அப்பையா ஆராய்வதில் பெரும்பகுதி நம்பிக்கை: பிறப்போடு வரும் சாரம் ஒன்று குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை. அதற்கு ‘இனவாதம்’ வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலை பறிக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சொல் அந்நாட்டு அரசியல் வழியாகவே பழக்கம். மெய்யியலாளர் சார்ல்ஸ் மில்ஸ் பேசுவதோ அதிகார ஏற்பாடு. அங்கே ‘இன ஒடுக்குமுறை’. மூன்றுக்கும் மருந்து வேறு. தவறான நம்பிக்கையைச் சான்று காட்டி அசைத்துப் பார்க்கலாம். தீய எண்ணம் சான்றுக்கு அசையாது. ஏற்பாட்டுக்குச் சட்டமும் விதியும் மாறவேண்டும். எல்லாவற்றையும் வெறி என்றால், “எனக்கு வெறி கிடையாது” என்று ஒருவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது, ஏற்பாடு அப்படியே நிற்கிறது.

சாதியை இனமேற்றுதலுக்குள் அடக்க வேண்டாம். அதற்கு உடற்குறி தேவையில்லை, ஊரும் பிறப்பும் தெரிந்தால் போதும். சாதி இனப்பிரிவு அன்று என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை ‘வம்சாவளி’யைத் தனியே குறிப்பிடுகிறது, சாதியும் அதில் அடங்கும் என்று அதன் குழு 2002இல் விளக்கியது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் “முகத்தைப் பார்த்தாலே எந்த ஆள் என்று தெரியும்” என்று பேசும்போது சாதிமேலும் இனம் ஏற்றப்படுகிறது. பதிவில் இதை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

உதகையிலிருந்து:

இனமேற்றுதல் என்றே பதிகிறேன். மூன்று நிபந்தனைகளும் வரையறையில் இருக்கும், மூக்குக் குறியெண் முதல் எடுத்துக்காட்டு. ‘இனவெறி’ வரும் பழைய பதிவுகளை எண்ணம், நம்பிக்கை, ஏற்பாடு என்று பிரித்து அடுத்த மடலில் அனுப்புகிறேன்.