‘ஆமாம் ஐயா’ என்று தலையாட்டினால் போதுமா? அறிவுக்கூர்மை மிக்க முதியவர்களுடன் எங்கள் குழு உறுப்பினர்களின் அனுபவங்கள்

கோவை, முதியோர் குடியிருப்பில் பணிபுரியும் உறுப்பினர்:

எங்கள் குடியிருப்பில் மாலை வேளைகளில் ஹவுஸி, பஜனை, நாற்காலி யோகா என்று ஏதேனும் ஒன்று நடந்துகொண்டே இருக்கும். மின்வாரியத்தில் பொறியாளராக உயர்பதவி வகித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இவை எதற்கும் வந்ததில்லை. அறைக்குள்ளேயே இருப்பார், சாம்பாரைக் குறை சொல்வார், இரவில் உறங்கமாட்டார். அவருடைய பதிவேட்டில் ‘பிறருடன் பழகுவதில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். ஓரளவு தூக்கம் வந்ததே தவிர வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை.

கோடையில் மின்கட்டணம் எகிறியபோது, எங்கள் மேலாளர் ரசீதுகளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மோட்டார்களுக்கான கெப்பாசிட்டர் பழுதாகி, பவர் ஃபேக்டர் (பெறும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலையாகிறது என்னும் விகிதம்) இறங்கி, அதற்கான அபராதம் மாதந்தோறும் ரசீதில் ஏறிவருவதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டார். அத்துடன் நிற்காமல், எந்த மோட்டாரை எந்த நேரத்தில் ஓட்டினால் எவ்வளவு மிச்சமாகும் என்று ஓர் அட்டவணை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மறுநாள் அதில் ஒரு வரி சிவப்புப் பென்சிலால் சுழிக்கப்பட்டு, பக்கத்தில் ‘கூட்டல் பிழை’ என்று எழுதப்பட்டிருந்தது. தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற, மூன்றாம் மாடியில் இருக்கும் அம்மாவின் கைவேலை அது. பெரியவர் கோபத்துடன் படியேறிப் போனார். நாங்கள் பயந்துகொண்டே பின்னால் போனோம். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு தினமும் தொடர்கிறது. இப்போது தலைப்பு மின்சாரம் அன்று. பணவீக்கம், பஞ்சாங்கக் கணிதம் என்று எங்கெங்கோ போய்விட்டது.

“இங்கே வந்த பிறகு, நான் சொன்னதைத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அந்த அம்மாதான்” என்று அவர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். நாங்களும் அவருடைய பிள்ளைகளும் மரியாதை என்று எண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கோ, பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் வழியாகவே அது பட்டிருக்கிறது.

சென்னை உறுப்பினர்:

என் தந்தையார் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். எழுபத்தெட்டாம் வயதில் அவரிடம் ஏதோ மாறுவதை அம்மா கவனித்தார். பல ஆண்டுகளாகப் பழைய மாணவர்களுக்குக் கடிதத்தில் கணக்குப் புதிர்கள் அனுப்பிவந்தவர் அதை நிறுத்திவிட்டார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். தாமே வகுப்பில் நடத்திய ஒரு நிரூபணத்தின் நடுவில் நின்றுவிட்டார். மருத்துவமனையில் ‘மோக்கா’ என்னும் நினைவாற்றல் பரிசோதனையைச் செய்தார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 26-உம் அதற்கு மேலும் இயல்பு என்று கொள்வார்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அப்பா ஐந்தாவது விடையோடு நிறுத்தாமல் இறுதிவரை இறங்கி, “கடைசியில் 2 தான் மிஞ்சும், 100-ஐ ஏழால் வகுத்தால் மீதி அதுதானே” என்று பரிசோதனை செய்த இளைஞருக்குப் பாடம் எடுத்தார். நினைவில் வைத்துச் சொல்லவேண்டிய ஐந்து சொற்களையும் ஒரு கதையாகக் கோத்து ஒப்பித்துவிட்டார். 28 மதிப்பெண். ‘வயதுக்கு மிக நன்றாக இருக்கிறார்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா விடவில்லை. பின்னர் வேறொரு மருத்துவர் ஒரு முற்பகல் முழுவதும் நீண்ட விரிவான உளவியல் சோதனைகளை வைத்து, பொதுச் சராசரியோடு ஒப்பிடாமல், அப்பாவைப் போன்ற கல்வியும் பணியும் உடையவர்களோடு ஒப்பிட்டபோதுதான் சரிவு தெரிந்தது. நிறையக் கற்று, மூளைக்கு வாழ்நாள் முழுதும் வேலை கொடுத்தவர்களுக்கு ஓர் இருப்புத்திறன் உண்டு என்றும், உள்ளே நோய் வளர்ந்தாலும் அந்த இருப்பைக் கொண்டு நெடுநாள் சமாளித்துவிடுவார்கள் என்றும், அது தீர்ந்தபின் இறக்கம் பெரும்பாலும் விரைவாக இருக்கும் என்றும் அந்த மருத்துவர் விளக்கினார். எளிய பரிசோதனைகளின் உச்சவரம்பு இவர்களுக்கு மிகத் தாழ்வானது. அப்பா சொன்னது வேறு: “எனக்கு முன்பே தெரியும். நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை.” ‘உங்களுக்கு என்ன சார், கம்ப்யூட்டர் மூளை’ என்று வீட்டுக்கு வருபவர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

திருச்சி உறுப்பினர்:

கோவை உறுப்பினர் சொன்னதைப் படித்தபோது, சிந்துவெளி எழுத்தையும் பழந்தமிழ்க் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் நினைவுக்கு வந்தார். 1980-இல் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியராக இருந்தார். தமிழ்-பிராமி என்னும் பண்டைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் பற்றிய அவரது பெருநூல் 2003-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 72. அடுத்த ஆண்டே, சிந்துவெளிக் குறியீடுகள் எழுத்தே அல்ல என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர் வாதிட்டார்கள். 2009-இல் அவர் நாளிதழில் அதற்கு மறுப்பு எழுதினார். அப்போது வயது 78. பட்டங்களும் பொன்னாடைகளும் அவருக்குக் கிடைத்தன என்பது உண்மையே. ஆனால் அந்த வயதில் ஒருவரை எழுதவைப்பது பொன்னாடை அன்று, பதில் சொல்லியாகவேண்டிய எதிர்வாதம்தான் என்பது என் கணிப்பு.

மதுரை உறுப்பினர்:

இதுவரை பேசப்பட்டவர்கள் பொறியாளர், பேராசிரியர், ஆட்சிப் பணி அதிகாரி. என் அப்பத்தா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவரைக் கூர்மதி படைத்தவர் என்று குடும்பத்தில் எவரும் சொன்னதில்லை. ‘வாயாடி’ என்று சொன்னார்கள். சீட்டுக்கணக்கு, நிலப் பத்திரம், பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அவர் தலையில்தான் ஓடின. அவருக்குப் படிப்பு இல்லாததால், மறதி பற்றி அவர் முறையிட்டால் ‘வயசாயிடுச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சோர்ந்திருந்தால் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள்.

முதலில் காதைப் பார்த்தோம். செவித்துணைக் கருவி போட்ட பிறகு பாதி எரிச்சல் குறைந்தது. கேளாமை மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று என்பதை மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் தன் அறிக்கைகளில் வலியுறுத்தியிருப்பதை அப்போதுதான் படித்தேன். பிறகு அவருக்கு, பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்துவடிவில் ஏற்றும் இணையதளமான தமிழ் விக்கிமூலத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் பழைய நூலின் படம், மறுபக்கம் கணினி படித்துத் தந்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கவேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’, சுழித்த ‘றா’ ஆகியவற்றைக் கண்டால் கணினி தடுமாறும், நானும் தடுமாறுவேன். அவற்றிலேயே படித்து வளர்ந்த அப்பத்தா கண்ணை எடுக்காமல் வாசிப்பார். துணைக்கால் குறியையும் (ா) ரகரத்தையும் கணினி குழப்பிய இடங்களை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பிறகு கைப்பேசியில் தாமே திருத்தக் கற்றுக்கொண்டார். அங்கே ஒருவர் பார்த்த பக்கத்தை இன்னொருவர் சரிபார்த்தால்தான் அது பச்சை நிறத்துக்கு மாறும். அவர் விட்ட ஒற்று ஒன்றை முகமறியாத ஒருவர் திருத்தியபோது, “மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள்” என்று பேச்சுப் பக்கத்தில் எழுதவைத்தார். அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் இப்போது அவரிடம் ஒற்றுப்பிழை பற்றி வாயைத் திறக்க ஆளில்லை.

சென்னை உறுப்பினர், மீண்டும்:

மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். ‘மறக்கிறார்’ என்று சொன்னால் போதாது. அவர் முன்பு இயல்பாகச் செய்துவந்த கடினமான காரியங்கள் எவை, அவற்றுள் எது எப்போதிலிருந்து நின்றது என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சிறு பரிசோதனையில் மதிப்பெண் நன்றாக வந்தாலும், கல்வியையும் பணியையும் கணக்கில் கொண்ட விரிவான சோதனை வேண்டும் என்று கேளுங்கள். வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைத்து, அருகில் முதியோர் மருத்துவப் பிரிவு எங்கே உள்ளது என்று விசாரிக்கலாம். மதுரை உறுப்பினருக்கு ஒரு வேண்டுகோள்: அப்பத்தாவுக்கும் ஒருமுறை இந்த விரிவான சோதனையைச் செய்துவிடுங்கள், இப்போதைய நிலையின் பதிவு கையில் இருந்தால், பின்னால் ஒப்பிட அது உதவும்.