நாலு பேரைத் தடுக்க அஞ்சு பேர் போதலையா? சீஃப்ஸ் லைன் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி – மூணாவது டவுன்
2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் (அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம்) சீஃப்ஸுக்கு எதிராக ஈகிள்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் (பந்தை எறிபவரைப் பிடிக்கக் கூடுதல் ஆள்) அனுப்பவில்லை. பாய்ந்தது முன்வரிசை நாலு பேர்தான், எதிரே தடுக்க சீஃப்ஸ் லைனில் அஞ்சு பேர். கணக்குப்படி ஓர் ஆள் மிச்சம். அப்படியும் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) மஹோம்ஸ் 6 சாக் வாங்கினார் (எறியும் முன்னே வீழ்த்தப்பட்டார்), ஆட்டம் 40-22 என்று ஈகிள்ஸுக்கு. லைனில் எங்கே ஓட்டை?

பதில் – இடது டேக்கிள்
அந்த மிச்ச ஆள் பெரும்பாலும் நடுவில் மாட்டிக்கொள்வார். லைனில் நடுவில் சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் ஒரு கார்டு, ஓரத்தில் ஒரு டேக்கிள். சென்டர் ஒரு பக்கம் நகர்ந்தால் அங்கே மூணுக்கு ரெண்டு. மறுபக்கம் கார்டும் டேக்கிளும் ஆளுக்கொருவரோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டும். எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து பாய்பவர்) இன்னும் அகலமாக நின்றால் டேக்கிளுக்குப் பக்கத்துணையே கிடையாது.

இதில் அன்று சீஃப்ஸுக்கு இடது டேக்கிளாக ஆடிய தூனி அடிப்படையில் கார்டு. கார்டுக்குச் சண்டை கையெட்டும் தூரத்தில் நடக்கும். டேக்கிளோ பின்னாலும் பக்கவாட்டிலும் சறுக்கிப் போகணும்: வெளிக்கால் பின்னே போக, உள்கால் தொடரணும், ரெண்டும் ஒட்டக்கூடாது. வேகத்துக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரம் திருப்பினால் ரஷர் உள்பக்கம் வெட்டிவிடுவார். திருப்பாமல் இருந்தால் வெளியே சுற்றிவிடுவார். கைகள் எதிராளியின் நெஞ்சில் விழணும். தோளுக்கு வெளியே பிடித்தால் ஹோல்டிங், 10 யார்டு போச்சு.

பதில் – ஸ்டண்ட் பைத்தியம்
தனித்திறமை மட்டும் காரணம் இல்லீங்க. ஸ்டண்ட் என்று ஒரு தந்திரம் உண்டு: பாய்கிறவர்களில் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் வெளியே குத்திப் போக, ஓரத்தில் நிற்கும் எண்ட் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவார். அப்போது தடுக்கிற கார்டும் டேக்கிளும் ஆளை மாற்றிக்கொள்ளணும். ரெண்டு பேரும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் அது நடக்கும். கார்டு ஒரு யார்டு முன்னே நின்றாலே ஒருவர் மேல் ஒருவர் மோதி வழி திறந்துவிடும். ‘என் எண்ட் காணோம்னா உள்ளே பார்’ என்பது பல நாள் சேர்ந்து ஆடினால்தான் கைவரும்.

2021 சூப்பர் பௌலை நினைச்சுப் பாருங்க. சீஃப்ஸின் ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் ரெண்டு டேக்கிளும் காயம். ரெம்மர்ஸ் வலமிருந்து இடம், வைலி கார்டிலிருந்து டேக்கிள். மஹோம்ஸுக்கு 29 தடவை நெருக்கடி. சீசன் நடுவில் பழகிக்கொள்ளலாம் என்றால், லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடந்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு முழு பேட் (காப்புக் கவசம்) போட்ட பயிற்சி சீசனுக்கு 14 தான்.

பதில் – ஷாட்கன்
லைனை மட்டும் திட்டாதீங்க, குவார்ட்டர்பேக் நிற்கும் இடமும் கணக்கு. ஷாட்கனில் 5 யார்டு பின்னே பந்தை வாங்கி 8, 9 யார்டில் நின்றால், டேக்கிள் ரஷரை அந்தப் புள்ளிக்குப் பின்னால் தள்ளிக் கழித்துவிடலாம். 12 யார்டுக்கு நழுவினால், சரியாகத் தள்ளப்பட்ட ரஷரே நேராக அவர் மடியில் வந்து விழுவார். மஹோம்ஸுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கேள்வி – மூணாவது டவுன்
டைட் எண்டை (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) விட்டு எட்ஜ் ரஷரை இடிக்க வைத்தால்?

பதில் – இடது டேக்கிள்
வைக்கலாம், வைக்கவும் செய்வார்கள். ஆனால் இடித்துவிட்டுக் கிளம்புவதால் அவர் ரூட்டுக்குத் (பந்து பிடிக்க ஓடும் பாதை) தாமதமாகத்தான் போவார். பிளிட்ஸ் அனுப்பாத அணி ஏழு பேரைப் பின்னே நிறுத்தியிருக்கு. ஒரு ரிசீவர் தாமதமானால் பந்தைக் கையில் வைத்துக் காத்திருக்கணும், அதுக்குள் நடுவிலிருந்து யாராவது வந்துவிடுவார். முதல் டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் முதலாவது) எறியாமல் பந்தோடு ஓடி 4, 5 யார்டு எடுத்து, மூணாவது டவுனுக்கு மிஞ்சும் தூரத்தைச் சுருக்குவதுதான் பிழைக்கும் வழி. அன்று இடைவேளைக்கே 24-0 என்று ஈகிள்ஸ் முன்னே, ஓட எங்கே நேரம்?