பாதி செமஸ்டரில் டைம்டேபிளை அதிகம் கலைக்காமல் மாற்றுவது எப்படி?
வணக்கம் நண்பர்களே. எங்கள் பொறியியல் கல்லூரியில் டைம்டேபிள் போடும் பொறுப்பு என்னுடையது. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் தொகுப்பில், கொடுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடித் தரும் சிபி-சாட் என்ற கருவியைக் கொண்டு போடுகிறேன். ஆசிரியரோ அறையோ மோதுவதில்லை, லேப் மூன்று பீரியடும் தொடர்ச்சியாக விழுகிறது. அதுவரை சரி.

செமஸ்டர் நடுவில் ஒரு ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனால்தான் சிக்கல். திரும்ப ஓடவிட்டால் சம்பந்தமில்லாத வகுப்புகளும் இடம் மாறிவிடுகின்றன. பிள்ளைகள் பாவம், பழகிய அட்டவணை மொத்தமும் போய்விடுகிறது. பழைய அட்டவணையை ஹின்ட்டாகக் கொடுத்தேன். தேடலுக்கு அது ஒரு தொடக்கம் தருகிறதே தவிர, மாற்றங்களைக் குறைப்பதில்லை.

இடம் மாறும் ஒவ்வொரு வகுப்புக்கும் அபராதப் புள்ளி வைக்கலாமா? ஓபன் எலெக்டிவ் என்ற விருப்பப் பாடம் பல துறைகளுக்கும் பொது. அதற்கு எவ்வளவு கூடுதல் எடை தரலாம்? அப்புறம், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவான யூனிடைம் என்ற டைம்டேபிள் மென்பொருளை யாராவது நிறுவிப் பார்த்திருந்தால் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.